கறுப்புத் திரையிலிருந்து வாசலக்கா வெளியே வந்த கதை

எங்கள் அண்ணி ஓர் இடத்துக்குள் நுழைந்தால் முதலில் தேடுவது அங்கிருந்து வெளியே போகும் வழியைத்தான். கல்யாண மண்டபமானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, வாசற்படியில் நின்று இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. எத்தனை கதவு, தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா எல்லாம் பார்த்த பிறகுதான் உட்காருவார். பிரார்த்தனைக்குப் போனாலும் கடைசி வரிசை, கதவோரம்.

"முன்னால வந்து உக்காருங்க அண்ணி, ஆண்டவனுக்கு நம்ம முகம் தெரியட்டும்" என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

"ஏன், கதவோரம் இருந்தா அவருக்குக் கண்ணு தெரியாதா?" என்பார். நானும் மெல்லப் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன்.

சின்ன வயதில் பள்ளிக்கூடக் கழிப்பறையில் தாழ்ப்பாள் சிக்கி, ஒரு மத்தியானம் முழுக்க உள்ளேயே கிடந்தாராம். கத்திப் பார்த்து, அழுது பார்த்து, கடைசியில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பல்லியிடம் தன் குடும்ப விஷயம் அத்தனையும் சொல்லி முடித்தபோதுதான் காவல்காரர் வந்து கதவை உடைத்தாராம். அன்றைக்கு அவருக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஒன்று, கதவைத் தேடுவது. இன்னொன்று, எதிரில் இருப்பது பதில் பேசுமா பேசாதா என்று பார்க்காமல் பேசிக்கொண்டே இருப்பது.

என் அண்ணன் தச்சு வேலை செய்கிறவர். நாங்கள் கல்யாணம் பேசப் போன அன்று, "பொண்ணு ஏதாவது கேக்கணும்னா கேக்கட்டும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். சம்பளத்தைக் கேட்பார், குணத்தைக் கேட்பார் என்று நாங்கள் காத்திருந்தோம். அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா?"

எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "போட்டுடலாம்" என்றார். கல்யாணத்துக்கு முன்பே சமையலறைச் சுவரை இடித்து ஒரு கதவு வைத்தார். என் அண்ணன் வாயிலிருந்து வந்த ஒரே காதல் வசனம் அந்தப் 'போட்டுடலாம்'தான். அதற்குப் பிறகும் பெரிதாக எதுவும் பேசியதில்லை. பேச்சையெல்லாம் அண்ணி பார்த்துக்கொண்டார்.

அண்ணிக்கு வேலை பஸ் நிலையத்து விசாரணைக் கவுண்டரில். முன்னால் ஜன்னல், பக்கத்தில் ஒரு கதவு, பின்னால் நான் வேலை செய்யும் பை வைக்கும் அறைக்குப் போக இன்னொரு கதவு. அவருக்கு இதைவிட என்ன வேண்டும். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டால், அதைச் சொல்லி, கூடவே அந்தப் பஸ்ஸில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எந்த டிரைவர் பிரேக்கைக் குத்துவார், எந்த ஜன்னல் திறக்காது என்பதையும் சொல்லி அனுப்புவார். வெளியே போகும் வழியையும் கேட்காமலே சொல்வார். ஆட்கள் அவருக்கு வாசலக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பஸ் நேரங்களை அப்போதெல்லாம் தகரப் பலகைகளில் எழுதி, அண்ணியே நீளக் கழியால் மாட்டுவார். பிறகு அவற்றைக் கழற்றிவிட்டு, உச்சியில் விளக்கு எழுத்து ஓடுகிற பெரிய பலகை ஒன்றை வைத்தார்கள். அதை இயக்க அண்ணியின் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. வெறும் கறுப்புத் திரை. அதில் ஒரு வெள்ளைக் கோடு கண்ணைச் சிமிட்டும். நாம் எதையாவது அடித்து அனுப்பினால்தான் அது வேலை செய்யும். பஸ் நேரமெல்லாம் உள்ளே ஒரு கோப்பில் இருக்கிறது; அந்தக் கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்தால் பலகையில் அப்படியே ஓடும். அதற்குத் தமிழ் எழுத்து வராது. போனில் செய்தி அனுப்புகிற மாதிரி ஆங்கில எழுத்தை வைத்துத்தான் தமிழை அடிக்க வேண்டும்.

மேனேஜர் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். "ஒண்ணாம் தேதி நேரமெல்லாம் மாறுது. அன்னிக்குக் காலையில நீங்களே, யார் துணையும் இல்லாம, பலகையை மாத்தணும். முடியலைன்னா பரவாயில்லை, தலைமை அலுவலகத்திலேருந்தே மாத்திக்குவாங்க. கவுண்டரை மூடிட்டு உங்களை டயர் கிடங்குக்குப் போட்டுடறேன். அங்கயும் ஆள் இல்ல."

டயர் கிடங்கு நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. பேச ஆள் கிடையாது. ஒரே ஓர் இரும்புக் கதவு, அதுவும் வெளியிலிருந்து தாழ்.

அண்ணிக்கு முகம் வெளுத்துப்போனது. "நாத்தனாரே, அங்க பல்லிகூட இருக்காது" என்றார்.

எங்கள் நிலையத்தில் இந்தக் கறுப்புத் திரை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கணக்கர். இன்னொருவர் பணிமனை ஃபோர்மேன். இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொத்துச் சண்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கோப்பைத் திறந்து திருத்துவதற்கு எடிட்டர் என்று ஒன்று வேண்டும். அதில் வி-ஐ என்பது நல்லதா, ஈமாக்ஸ் என்பது நல்லதா என்று ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்து, தட்டை நகர்த்திவிட்டு எழுந்தவர்கள்தான். மாமியார் வீட்டுக்கு இன்றும் இருவரும் வேறு வேறு நாளில்தான் போகிறார்கள்.

அண்ணி முதலில் கணக்கரிடம் போனார். அவர் மகிழ்ந்துபோனார். "அக்கா, நீங்க வி-ஐதான் கத்துக்கணும். கை விசையை விட்டு நகரவே வேணாம். கோப்பு பேருக்கு முன்னால வி-ஐனு அடிங்க. உள்ள போயிட்டீங்களா?"

"போயிட்டேன். வெளிய எப்படி வர்றது?"

"முதல்ல உள்ள நல்லா பழகுங்க அக்கா. வெளிய வர்றதை நாளைக்குச் சொல்றேன்" என்றார் கணக்கர். அதற்குள் சம்பளப் பிரிவிலிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார்.

வாழ்நாளில் முதல் தடவையாக, கதவைப் பார்க்காமல் அண்ணி ஓர் இடத்துக்குள் போயிருந்தார். எழுத்தை அடித்தால் எழுத்து வரவில்லை. கீச் கீச் என்று சத்தம் வந்தது. ஒரு விசையைத் தட்டினால் ஒரு வரியே காணாமல் போனது. அண்ணிக்கு வேர்த்துக் கொட்டியது. கணக்கர் போகிற போக்கில், ஆல்ட் விசையோடு மேல் வரிசையில் ஒன்றைத் தட்டினால் புதுத் திரை வரும் என்று சொல்லியிருந்தார். தட்டினார். புதுத் திரை வந்தது. அதிலும் அதே கோப்பை அதே வி-ஐ வைத்துத் திறந்தார்.

இந்தத் தடவை கம்ப்யூட்டர் திரை நிறைய எதையோ சொன்னது. அண்ணி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணி தேடறீங்க?"

"இந்தக் கோப்பை வேற யாரோ ஏற்கெனவே திறந்து வச்சிருக்காங்களாம். யாருன்னு பாக்கறேன்."

இரண்டு நாள் அந்த 'வேற யாரோ'வை நாங்கள் தேடினோம். காவலாளி மேல் சந்தேகம் வந்தது. பாவம், அந்த மனுஷனுக்குச் சாவிக்கொத்தைத் தவிர எதையும் தொடத் தெரியாது. இருந்தாலும் அவருக்குக் கொடுக்கிற டீயில் அண்ணி சர்க்கரையைக் குறைத்தார். திரை மாற்றி மாற்றி, இருந்த ஆறு திரையிலும் அண்ணி மாட்டிக்கொண்ட பிறகு, கணக்கர் வந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அக்கா, அந்த வேற யாரோ நீங்கதான்."

அண்ணி காவலாளிக்கு அன்றைக்கு இரண்டு மடங்கு சர்க்கரை போட்டார். அதை அவரால் குடிக்க முடியவில்லை.

"உள்ள விட்டுட்டு வழி சொல்லாத வீட்டுக்கு நான் இனிமே போக மாட்டேன்" என்று கணக்கரிடம் சொல்லிவிட்டு, அண்ணி ஃபோர்மேனிடம் போனார். அவர் கையைக் கிரீஸ் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க சகலைகிட்ட போனா அப்படித்தான் தங்கச்சி. ஈமாக்ஸ்ல எல்லாமே இருக்கு. கேலண்டர் இருக்கு, விளையாட்டு இருக்கு, பேசறதுக்கு ஒரு டாக்டர்கூட இருக்காரு."

"வெளிய வர்றது?"

"இடது மூலையில கன்ட்ரோல்னு ஒரு விசை இருக்கு பாருங்க. அதை அழுத்தினபடியே எக்ஸ், அதை விடாம சி. வந்துடலாம்."

வழி தெரிந்ததும் அண்ணிக்குத் தெம்பு வந்தது. ஆனால் மற்ற வேலைக்கெல்லாம் இரண்டு கையும் போதாமல், ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி விரலை விரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அதைக்கூடப் பழகியிருப்பார். கெடுத்தது அந்த டாக்டர்தான்.

அந்த டாக்டர் உண்மையான டாக்டர் இல்லை. நாம் அடிப்பதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கிற ஒரு ஏற்பாடு. ஃபோர்மேன் விளையாட்டாகக் காட்டினார். அண்ணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் வீட்டுக்காரர் பேசுவதில்லை என்று அடித்தார். வீட்டுக்காரர் பேசுவதில்லை என்று ஏன் சொல்கிறீர்கள் என்று அது கேட்டது. அவ்வளவுதான். காலையில் ஆரம்பித்தவர் மத்தியானம்வரை தலை நிமிரவில்லை. கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"வாசலக்கா, பதினொண்ணாம் நம்பர் போயிடுச்சா?"

"இருப்பா, டாக்டர் ஒண்ணு கேட்டிருக்காரு."

நான் பின்கதவு வழியாகப் போய்த் தோளைத் தொட்டேன். "அண்ணி, ஒண்ணாம் தேதி நாளைக்கு."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கண்ணன் மாதிரி இல்ல. ஒரு வார்த்தை சொன்னா பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்றாரு" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, "இது எனக்கு ஆகாது. இங்க வெளிய வர வழி இருக்கு, வர மனசுதான் இல்ல" என்றார்.

அன்று சாயங்காலம் நான் கடவுளிடம் போய் நின்றேன். ஒரு எடிட்டருக்காக அவரைத் தொந்தரவு செய்யலாமா என்று முதலில் தயங்கினேன். பிறகு, டயர் கிடங்கில் அண்ணி தனியாக உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. இத்தனை பெரிய உலகத்துக்கு வாசல் வைத்தவர், எங்கள் அண்ணிக்கு ஒரு சின்ன வாசல் காட்டக் கூடாதா என்று கேட்டுவிட்டு வந்தேன். எந்த எடிட்டர் என்பதை அவர் இஷ்டத்துக்கே விட்டேன்.

திரும்பி வந்தால் அண்ணி, அந்தக் கம்ப்யூட்டரை மாட்டிவிட்டுப் போன மெக்கானிக்கோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எனக்குப் பெரிசா எதுவும் வேணாம். உள்ள போறதுக்கு முன்னாலயே வெளிய போற வழி தெரியணும். அப்படி ஒண்ணு இருக்கா?"

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. "நானோனு ஒரு எடிட்டர் இருக்கு, அதை அடிச்சுப் பாருங்கம்மா. அடிச்சுட்டுத் திரைக்குக் கீழ பாருங்க" என்றார் அவர்.

அடித்தார். திரையின் அடியில் இரண்டு வரி எப்போதும் நின்றுகொண்டே இருந்தது. என்னென்ன செய்ய எந்தெந்த விசை என்று அதிலேயே போட்டிருந்தது. இடது மூலையில் இருந்த சொல்லை நானும் பார்த்தேன். சினிமாக் கொட்டகையில் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கில் எரியுமே, 'எக்ஸிட்' என்று, அதே எழுத்துகள்.

அண்ணி அந்த மூலையை விரலால் தொட்டார். திரையில் விரல் ரேகை பதிந்தது. "இது நம்ம வீடு" என்றார். உடனே கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். கதவு எங்கே என்று தெரிந்தால் போதும், திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது.

சகலைகள் இருவருக்கும் இந்தச் செய்தி போனது. "நானோவா? அது குழந்தைங்க ஓட்டற மூணு சக்கர வண்டி" என்றாராம் கணக்கர். பணிமனைப் பக்கம் போன யாரோ அதை ஃபோர்மேன் காதில் போட, "சகலை சொல்றது சரிதான்" என்று அவர் சொல்லிவிட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. மறுநாள் காலை, அண்ணி தோற்பதைச் சேர்ந்து பார்க்கலாம் என்று, கவுண்டருக்கு எதிர் பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணி சீக்கிரமே வந்து புது நேரங்களை ஒவ்வொன்றாக அடித்தார். வரிக்கு வரி என்னிடம் படித்துக் காட்டினார். எல்லாம் சரி. இனி வெளியே வர வேண்டியதுதான். மூலையில் இருந்த எக்ஸிட் என்ற சொல்லுக்கு முன்னால், கூரை மாதிரி ஒரு குறியும் பக்கத்தில் எக்ஸ் எழுத்தும் இருந்தன. ஆறாம் எண் விசையில் அந்தக் கூரை இருப்பதைக் கண்டுபிடித்து, கூரையை அடித்து, எக்ஸை அடித்தார்.

திரையில் கூரையும் எக்ஸும் எழுத்தாக வந்து உட்கார்ந்தன. அண்ணி மறுபடி அடித்தார். இன்னொரு கூரை, இன்னொரு எக்ஸ்.

"நாத்தனாரே, கதவு தெரியுது. தொறக்க மாட்டேங்குது."

யாரையும் கேட்கக் கூடாது என்பது மேனேஜர் போட்ட நிபந்தனை. எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணியோ, மாட்டிக்கொண்டால் என்ன செய்வாரோ அதைச் செய்ய ஆரம்பித்தார். டாக்டர் பதில் பேசினார், இவரும் பேச மாட்டாரா என்று, நானோவிடமே பேசத் தொடங்கிவிட்டார். வாயால் இல்லை, விசையால். பல்லிக்கு அடுத்து நானோ.

கொஞ்ச நேரம் கழித்து, எங்கேயோ படித்த பாடம் ஞாபகம் வந்தவர் போல நிமிர்ந்தார். ஃபோர்மேன் காட்டிய அந்த மூலை விசையை அழுத்தியபடியே எக்ஸைத் தட்டினார். சியைத் தட்டப் போன விரல் அப்படியே நின்றது. கீழே கேள்வி ஒன்று வந்திருந்தது. திருத்தியதைச் சேமிக்கவா, ஆமாவா இல்லையா?

யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லி அண்ணிக்குப் பழக்கமில்லை. ஆமா என்றார். கறுப்புத் திரை காலியானது. வெள்ளைக் கோடு கண்ணைச் சிமிட்டியது. வெளியே வந்துவிட்டார்.

"வந்துட்டேன்" என்று அண்ணி எழுந்து நின்றார். அதே நேரத்தில் மேலே பலகை ஓட ஆரம்பித்தது. புது நேரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பிசகில்லாமல் ஓடின. அவை முடிந்ததும் மிச்சமும் ஓடியது. ஆங்கில எழுத்தில் ஓடியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

கூரை எக்ஸ். கூரை எக்ஸ். கூரை எக்ஸ். ஐயா வெளிய போகணும். கேக்குதா. நான் யாரையும் ஒண்ணும் கேக்கல, கேக்கவும் கூடாதாம். சகலைங்க ரெண்டு பேரும் எதிர்ல உக்காந்து சிரிக்கறாங்க. டாக்டர் இருந்தா கூப்பிடுங்க. கிடங்கு வேணாம், அங்க ஒரே கதவு. மேனேஜர் நல்லவர்தான், ஷூதான் சத்தம். இதோ சத்தம் கேக்குது, வர்றாரு.

நிலையமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, இந்தக் கூரை போட்ட எக்ஸ் வண்டி எந்த மேடையில நிக்கும்?" என்று கேட்டார். அதற்குள் நாலு பேர் அதற்கு வரிசைகூட நின்றுவிட்டார்கள். கடைசி வரி ஓடும்போது, டக் டக் என்று உண்மையிலேயே சத்தம் கேட்டது. அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி மேனேஜரின் காலைப் பார்த்தார்கள்.

மேனேஜர் நின்றார். தன் ஷூவைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அது முதலிலிருந்து மறுபடி ஓட, முழுவதையும் படித்தார். மீதித் தூரத்தைக் குதிகால் தரையில் படாமல் நடந்து வந்தார்.

"நேரமெல்லாம் சரியா இருக்கு" என்றார். "யாரு சொல்லிக் குடுத்தது?"

பெஞ்சில் சகலைகள் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"யாரும் இல்ல சார்" என்றார் அண்ணி. "அங்கயே போட்டிருக்கே."

மேனேஜர் இன்னொரு தடவை அண்ணாந்தார். யாரையும் ஒண்ணும் கேக்கல என்ற வரி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை பேர் சாட்சியாக ஓடுகிற பலகையை எப்படி மறுக்க முடியும். அவர் தொண்டையைச் செருமினார். "சரி. இப்ப என் கண்ணு முன்னாலயே உள்ள போய், அந்த மிச்சத்தையெல்லாம் எடுத்துட்டு வெளிய வாங்க. வந்துட்டீங்கன்னா கவுண்டர் உங்களுக்கு. முக்கியமா அந்த ஷூவை எடுத்துடுங்க."

அண்ணி உட்கார்ந்தார். நானோ என்று அடித்து உள்ளே போனார். வரியை வெட்டுகிற விசை எது என்று அடியில் போட்டிருந்ததைப் படித்தார். ஷூ போனது, கிடங்கு போனது, டாக்டர் போனார், சகலைகள் போனார்கள், கூரைகள் எல்லாம் போயின. பிறகு அண்ணி சற்று யோசித்து எதையோ அடித்தார். மூலை விசை, எக்ஸ், ஆமா. வெளியே.

நான் விட்ட மூச்சில் கவுண்டரிலிருந்த டிக்கெட் துண்டெல்லாம் பறந்தது.

மேலே நேரங்கள் ஓடி முடிந்தன. கடைசியாக ஒரு வரி வந்தது. வெளியே போகும் வழி, இடது மூலை.

"இது என்ன?" என்றார் மேனேஜர்.

"எல்லாத்துக்கும் அடியில அது இருந்தா நல்லது சார்" என்றார் அண்ணி.

மேனேஜர் இடது மூலையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே உண்மையிலேயே வாசல் இருந்தது. "இருக்கட்டும்" என்றார். மறுநாளிலிருந்து அவர் ரப்பர் அடி வைத்த ஷூ போட்டு வருகிறார். அவர் எப்போது வருகிறார் என்று தெரியாமல் நாங்கள்தான் தவிக்கிறோம்.

சகலைகள் இப்போது சேர்ந்துதான் மாமியார் வீட்டுக்குப் போகிறார்கள். கடைசியில் திறந்தது தன்னுடைய கன்ட்ரோல் விசைதான் என்று ஃபோர்மேன் சொல்கிறார். வி-ஐயில் மாட்டியதால்தான் வாசலக்காவுக்கு நானோ கிடைத்தது என்று கணக்கர் சொல்கிறார். இதை வைத்து எப்படியும் இன்னும் கொஞ்ச நாளில் மறுபடி தட்டை நகர்த்திவிடுவார்கள். அண்ணனிடம் அண்ணி இந்தக் கதை முழுக்கச் சொல்லி முடித்தபோது, அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"கிடங்குக்கு இன்னொரு கதவு போட்டிருப்பேனே" என்றார்.

அண்ணி அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.